பச்சை நாற்காலியும் இறுதி ஆட்டமும்

டெல்மோர், அலபாமா
9 டிசம்பர் 2025, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரோவீனாவுக்கு உன் அப்பா ஆர்வில் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஸ்வேரேவும் நார்வே மழையில் ஊறிப்போகாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் தாய்மாமன் ஹாய்ட் மட்டும் சனிக்கிழமை கத்திய கத்தலில் தொண்டையை இழந்து, சைகை காட்டியே பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் வரும் நோயாளிகள் இதை மருத்துவத்தில் ஒரு முன்னேற்றமாகவே கருதுகிறார்கள்.

சனிக்கிழமை, அதாவது 6ஆம் தேதி பிற்பகல், நீ தொலைபேசியில் அழைத்து அம்மாவின் ஸ்வெட்டர் அளவைக் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. “அப்பா, லைன்ல இருக்கீங்களா?” என்று மூன்று முறை கேட்டாய், அதற்கும் பதில் இல்லை, பிறகு கூரை இடிந்து விழுந்தது போல ஒரு கூச்சல், உடனே இணைப்பும் போய்விட்டது. இதற்கு நீ கோபித்திருப்பாய். அன்று இங்கே நடந்தது இன்னதென்று ஒழுங்காக எழுதுவது என் கடமை. நம் கல்லூரியின் கால்பந்து அணியான காட்டுப்பூனைகள், கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் போட்டியின் இறுதி ஆட்டத்தை எட்டியிருந்தார்கள். கடைசியாக எட்டியது 3 டிசம்பர் 1994. ஹாய்ட் அதை 1995 என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆட்டம் பர்மிங்காமில், இரண்டு மணி நேரப் பயணம். நாங்கள் போகவில்லை. இந்தப் பருவத்தின் வெற்றிகளெல்லாம் நம் கூடத்தில்தான் கிடைத்தன என்பது உன் மாமாவின் ஆராய்ச்சி முடிவு. பயிற்சியாளருக்கும் பதினொரு ஆட்டக்காரர்களுக்கும் இதில் பெரிய பங்கில்லை. ஆகவே அவர் செப்டம்பரிலிருந்து துவைக்காத அதே ஊதாச் சட்டையில், சோபாவின் அதே மூலையில், அதே கிண்ணத்தில் அவித்த நிலக்கடலையோடு அமர்ந்தார். உன் அம்மா 2014 முதல் பின்னிக்கொண்டிருக்கும் அதே சால்வையைக் கையில் எடுத்தாள். அது முடிந்துவிட்டால் அணி தோற்றுவிடுமாம், அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கொஞ்சம் பிரித்து வைக்கிறாள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். 21 நவம்பர் 2009 அன்று நீ அந்தப் பச்சை நாற்காலியில் வந்து உட்கார்ந்த கணத்தில் நம் ஆள் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய் அணி தோற்றது. 10 நவம்பர் 2012 அன்று நீ வீட்டில் இருந்தாய், மறுபடி தோல்வி. 18 அக்டோபர் 2014 அன்று உன் மாமா உன்னைத் தட்டும் கையுமாகப் பின்வாசலுக்கு அனுப்பி, “ரெண்டு மணி நேரம்தானேம்மா, காத்தாட உக்காந்துக்க” என்றார். தூறலில் உட்கார்ந்திருந்தாய், அணி வென்றது, அத்துடன் நீ வீட்டுக்குள் இருந்தால் அணி தோற்கும் என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து நீ ஆட்டமே இல்லாத ஜூன் மாதத்தில் மட்டுமே வருகிறாய். ஜூனில் வானிலை நன்றாக இருக்கும் என்று காரணம் சொல்கிறாய். அலபாமா ஜூனைப் பற்றி இதுவரை வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தச் சனிக்கிழமை ஆட்டத்தின் கடைசி நொடிகளில் நாம் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். மூன்று புள்ளி தரும் உதை ஒன்றே மிச்சம், உதைக்க வந்தவன் முதலாமாண்டு மாணவன், என் கைத்தடியை விட ஒல்லியான கால்கள். காலுக்கு வேலையே இல்லாத இதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் எனக் கேட்ட மாப்பிள்ளையிடம் சொல், காலுக்கு வேலை வரும் நேரத்தில் ஊரே மூச்சை நிறுத்திவிடுகிறது. அப்போதுதான் என் சட்டைப்பையில் மணி அடித்தது. திரையில் உன் பெயர். உன் மாமா திரும்பி, “யாரு மச்சான் இந்த நேரத்துல? எடுத்தீங்க, கொலை விழும்” என்றார். மருந்துக்கடை என்று சொல்லிவிட்டு எடுத்தேன். மகள் அழைத்து நான் எடுக்காமல் இருந்த தேதி எதுவும் கிடையாது. பேசினால் நீதான் என்று தெரிந்துவிடும் என்பதால் காதில் வைத்தபடி ஊமையாக நின்றேன். நீ ஸ்வெட்டர் அளவைக் கேட்டுக்கொண்டிருந்தாய், பையன் உதைத்தான், பந்து கம்பத்தில் பட்டு, யோசித்து, உள்ளே விழுந்தது. உன் மாமா என்னைக் கட்டிப்பிடித்ததில் தொலைபேசி கடலைக் கிண்ணத்துக்குள் போய்விட்டது.

அதன்பின் அவர், “பாத்தீங்களா மச்சான், மருமக நார்வேல இருந்தா எல்லாம் நல்லபடியா நடக்குது!” என்றார். நான் தொலைபேசியைத் துடைத்து, அழைத்தது யார், எத்தனை மணிக்கு என்பதை அவர் மூக்குக்கு நேராகக் காட்டினேன். பதினோரு ஆண்டுப் பழி அன்றே ஒழிந்தது என்று எண்ணினேன். அந்த மனிதரின் மூளையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவியவர், “அப்படின்னா அதுதான் சூத்திரம்! அவ அங்கதான் இருக்கணும், கடைசி நேரத்துல போன் பண்ணணும், ஸ்வெட்டரைப் பத்திக் கேக்கணும், நீங்க வாயத் திறக்கக் கூடாது” என்றார். பட்டம் வென்றதால் 1 ஜனவரி, வியாழக்கிழமை, புத்தாண்டு ஆட்டத்தில் ஆடுகிறோம். நீயோ இந்த மாதம் 20ஆம் தேதியே வருவதாகச் சீட்டு எடுத்திருக்கிறாய். அதை மாற்றச் சொல்லி உனக்கு எழுதும்படி என்னைக் கேட்டார். ஞாயிறு ஆராதனையில் போதகரும் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை ஜனவரி ரெண்டாம் தேதி வந்தா என்னங்கய்யா, பண்டிகை எங்க ஓடிடப் போகுது” என்றார். கிறிஸ்துமஸ் எந்தத் தேதி என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக உன் அம்மா, சால்வையிலிருந்து கண்ணை எடுக்காமல், “சும்மா கேட்டுத்தான் பாருங்களேன்” என்றாள். அன்றிரவே தலையணைக்குள் முகம் புதைத்து அழுதாள் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லையேல் அவளைத் தவறாக நினைப்பாய்.

ஆகவே கேட்டுவிட்டேன். இப்போது என் பதிலையும் நானே எழுதிவிடுகிறேன்: சீட்டை மாற்றாதே. நேற்று மச்சுக்கு ஏறி அந்தப் பச்சை நாற்காலியை இறக்கித் துடைத்துத் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே போட்டிருக்கிறேன். பின்வாசலுக்குப் போக வேண்டியவர் யாரேனும் இருந்தால் அவர் ஊதாச் சட்டை போட்டவராக இருப்பார், மழை வந்தால் அந்தச் சட்டைக்கும் நல்லது. அணி தோற்றால் தோற்கட்டும். அதற்குப் பிறகு அவர்களுடைய அடுத்த ஆட்டம் 29 ஆகஸ்ட் 2026, சனிக்கிழமை. நீ இந்த முறையும் வராவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்பதற்கு என்னிடம் தேதி எதுவும் இல்லை, தேதி இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் வழியெல்லாம் காத்து, கொண்டுவந்து சேர்ப்பாராக. மாமா தொலைபேசியில் அழைத்தால் எடுக்காதே, குரல் இல்லாதவர் பேசப்போவது ஒன்றுமில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில், மூன்று நாள் தாமதமாக: பதினாறு. வாங்கி அஞ்சலில் அனுப்பிவிடாதே, கையில் கொண்டு வா.

என்றும் உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ஆர்வில் டக்கெட்