ஏழாம் மாசத்துக்குள்ள ஒரு பாதை

1912 ஜனவரி 21, மடுல்சீமை, இலங்கை
மழை விட்டுருச்சு. பூவம்மா அழுகை விடல. பொண்டாட்டி அழுதா எனக்குச் சோறு எறங்காது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல வாழ்க்கைப்பட்ட எங்க கடைக்குட்டி ரெங்கம்மாவுக்கு ஏழாம் மாசம் பொறந்துருச்சு. வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாரணும். கேக்கப் போனா சம்பந்தி இராமையா மீசையைத் தடவுறார். "மலைப்பாதை சரிஞ்சு கெடக்கு. ஆடு கூட யோசிக்குது. பாதையைச் சரி பண்ணுங்க சம்பந்தி, அனுப்புறேன்."

மனுசன் சொன்னது நெசம் தான். நானே உக்காந்து சறுக்கித் தான் எறங்குனேன். வேட்டியோட பின்பக்கம் சாட்சி.

ஜனவரி 22
பாதையைச் சரி பண்ணச் சொல்லிக் கங்காணி துரைகிட்டக் கேட்டுப் பாத்தார். வண்டி ரோட்டுல சுத்திப் போகட்டும்னுட்டாராம் துரை. அந்தக் குலுக்குல புள்ள வண்டியிலேயே பொறந்துரும். எட்டாம் மாசம் கூட்டியாரக் கூடாது. ஒம்பதுல அவளால மலையேற முடியாது. இந்த ஏழாம் மாசத்துக்குள்ளயே ஆகணும். என்ன பண்ண?

ஜனவரி 24
கண்டுபிடிச்சுட்டேன்! பக்கத்துக் காம்பரா வீட்டுப் பொன்னையாகிட்டப் போயி, "அந்தத் தோட்டத்தாளுங்க சிரிக்கிறாங்கப்பா. நம்மாளுங்க கைக்குக் கொழுந்து கிள்ளத் தான் தெரியுமாம், மலைப்பாதை வெட்ட மம்பட்டி கனக்குமாம்"னேன். அவன் மூக்கு செவந்துச்சு. சாயந்தரம் அந்தத் தோட்டத்துக்குப் போயி, நம்மாளுங்க அவங்களைச் சிரிக்கிறதா அதையே மாத்திச் சொன்னேன்.

எல்லாம் பொய். கூலி இல்லாத வேலைக்குப் பொய் தான் அட்வான்ஸ்.

ஜனவரி 28, ஞாயிறு
லயத்து வரிசை வீடு மொத்தமும் மம்பட்டியோட வந்துருச்சு. நாங்க மேலேருந்து, அவங்க கீழேருந்து, நடுச்சரிவுல சேர்றதா ஏற்பாடு. எனக்கு வேலை, குந்தியிருந்து குத்தம் சொல்றது. "பொன்னையா, பாதை வெட்டுறியா, பல்லு வெளக்குறியா?" மண்ணை அள்ளி எறிஞ்சான் படுவா. நல்லாத் தான் எறிஞ்சான்.

பிப்ரவரி 4, ஞாயிறு
அடக்கடவுளே. பாதை ரெண்டும் சேரல! நம்மது ஆளுயரத்துக்கு மேல நிக்குது, அவங்கது கீழ நிக்குது. ஒருத்தரை ஒருத்தர் கேக்காம வீம்புக்கு வெட்டுனது.

மேலேருந்து பொன்னையா, "இப்பச் சொல்லுங்கய்யா, எங்க கை கொழுந்து கிள்ளுற கையா?"

கீழேருந்து இராமையா, "அது நீங்க எங்களைச் சொன்னதுல்ல!"

அப்பறம் அத்தனை பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க.

தேத்தண்ணி கொண்டாறேன்னு வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். சம்பந்தி கோவத்துல மகளை அனுப்பாமயே விட்டுட்டா? இந்த வாயி இருக்கே, இந்த வாயி—. பூவம்மா தேத்தண்ணி வாளியைக் கையில குடுத்தா. "போங்க. அடிச்சா வாங்கிக்கிட்டு நில்லுங்க."

போனா, தூரத்துலயே சிரிப்புச் சத்தம். ரெண்டு தோட்டமும் சேந்து கல்லு பொரட்டுது. பாதை ரெண்டையும் படி கட்டிச் சேக்கப் போறாங்களாம். "வாங்க பொய்க்காரரே, பெரிய கல்லு உங்களுக்கு!"ன்னார் இராமையா. முதுகு ஒடிஞ்சுது. சந்தோசமா ஒடிஞ்சுது.

பிப்ரவரி 11, ஞாயிறு
பாதை முடிஞ்சுது. இராமையாவுக்கு இன்னும் சந்தேகம். "நெறகுடத்தைத் தலையில வச்சு, சிந்தாம எறங்குங்க சம்பந்தி. அப்பறம் பேசுவோம்."

எனக்குத் தலையில குடம் நிக்குமா? ரெண்டாம் படியிலேயே குளிச்சுட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, இராமையா மட்டும் முடியாதுன்னு தலையை ஆட்டுறார்.

பூவம்மா சும்மாடு கூட்டி வேற குடத்தைத் தூக்கி வச்சா. கையால புடிக்கக்கூட இல்ல. கீழ வரைக்கும் நடந்து, சம்பந்தி முன்னாடி எறக்கி வச்சு, "அண்ணே, பாதை சரியாத் தான் இருக்கு. இவரு தான் சரியில்ல."

பிப்ரவரி 16
ரெங்கம்மா வந்துட்டா. வளையல் சத்தம் முன்னாடி வந்துச்சு, அவ பின்னாடி வந்தா. இன்னிக்கு இவ்வளவு தான் எழுத வருது.

மே 12, ஞாயிறு
நேத்து பேஞ்ச மழையில படிக்கல்லு ஒண்ணு ஆடிருச்சு. ஆள் சேக்கணுமேன்னு ஒரு பொய்யை நல்லா ஜோடிச்சுக்கிட்டுப் பாதைக்குப் போனேன். அங்க எனக்கு முன்னாடியே பொன்னையா கல்லைப் புடிச்சிருக்கான், இராமையா அலவாங்குக் கம்பியால நெம்புறார்.

"பேத்தியப் பாக்க வர்ற வழி சம்பந்தி. வாயப் பாக்காம அந்தப் பக்கம் புடிங்க"ன்னார்.

புடிச்சேன். பொய் வீணாப் போச்சு. ரொம்ப நல்ல பொய் அது.