உன் இஷ்டம்

மார்ச் 3, செவ்வாய்
பாப்பாவுக்கு ஏழு மாதம். நான் வேலையை விட்டு ஒன்பது. இன்று பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது: சோதனைக்கு ஒரு அத்தியாயம், நாற்பது பக்கம், பிழை திருத்தி வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் மாதம் ஒரு புத்தகம், வீட்டிலிருந்தே.

மடிக்கணினிதான் கிழடு. அதைப் போட்டுவிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டி முடித்து வந்தாலும் திறந்திருக்காது. தம்பியிடம் புலம்பினேன். விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடு, பறக்கும் என்றான். அதிலேயே பல வகையாம். எது போட?

"உன் இஷ்டம்க்கா. அதுதானே அதுல அழகே."

மார்ச் 4
அழகாம். தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. எல்லாம் லினக்ஸ்தான், எல்லாம் வேறு வேறு. தம்பி உபுண்டு என்கிறான், அவன் நண்பன் மிண்ட் என்கிறான். புதியவர்களுக்கு எது நல்லது என்று யாரோ இணையத்தில் கேட்டதற்கு நூற்றெண்பது பதில், பாதிக்கு மேல் அவர்களுக்குள்ளேயே சண்டை. ஒன்றைப் பிடித்தால் அதற்குள் மூன்று விதத் திரை — எது வேண்டும்? எனக்கெப்படித் தெரியும்?

பாப்பா இரண்டு தடவை தூங்கி எழுந்தாள். நான் கட்டம் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் திருத்தவில்லை.

மார்ச் 5
உபுண்டு போட்டேன். ஓடியது. பதினாறு பக்கம் திருத்தினேன். அங்கேயே நின்றிருக்கலாம்.

மதியம் தம்பியின் நண்பனிடமிருந்து செய்தி: உங்க மெஷினுக்கு மிண்ட் இன்னும் லேசு. மனசு கேட்கவில்லை, மிண்ட் போட ஆரம்பித்தேன். முழு வட்டையும் அழிக்கவா என்று கணினி கேட்டது. இடுப்பில் பாப்பா, ஒரே அழுகை. ஆம் என்று அழுத்திவிட்டேன்.

பதினாறு பக்கமும் அதற்குள்தான் இருந்தது. ஐயோ, ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கக் கூடாதா நான்?

மாமியார் துணி மடித்துக்கொண்டே, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 6
மிண்டில் தமிழ் எழுத்து வரவில்லை. வரவைக்க நாலு வழியாம். நாலில் எது?

பதிப்பக அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "திங்கள் காலை பத்து மணிம்மா. தாண்டினா வேற ஆளைப் பாத்துடுவேன்."

மார்ச் 7
பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ரிப்பேர் கடை. கடைக்கார அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இதுல என்ன செய்வீங்க? தமிழில் எழுதுவேன், மெயில், பாப்பா படம். ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார்.

வந்ததும் எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா, வீட்டுக்குப் போய் அதைவிட நல்லது எதுன்னு தேடுவீங்க."

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. என்ன செய்வீங்க என்ற அந்தக் கேள்வியை முதலிலேயே ஒருவராவது கேட்டிருந்தால்? தெரிந்தவர்களுக்குக் கடை கடையாக ஏறி இறங்குவது சுகம். என் மாதிரி ஆளுக்கு ஒவ்வொரு 'உன் இஷ்ட'மும் இன்னொரு வேலை. தப்பினால் பழியும் நமக்கே.

மார்ச் 9
ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19
தம்பி அழைத்தான். இப்போது எது ஓடுகிறது என்று கேட்டான். தெரியாதுடா என்றேன். "பேராவது பாருக்கா. புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதைவிட—"

பாப்பா எழுந்துட்டா என்று வைத்துவிட்டேன்.

பாப்பா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். முதல் புத்தகத்தில் எழுபத்திரண்டாம் பக்கம் வந்திருக்கிறேன்.