உசனாரின் போறணையில் மெக்சிக்கோ

1968 நவம்பர் 26, செவ்வாய்

இன்றும் மெக்சிக்கோச் சாப்பாடுதான். மிஷன் வீட்டு அமெரிக்க அம்மா சொல்லித் தந்தது. மிஞ்சிய சோளன் ரொட்டியைத் தட்டில் அடுக்கி, இடையிடையே அரைத்த மாட்டிறைச்சி, தக்காளி, அவித்த கௌப்பிப் பயறு. மேலே டின் சீஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருவே காக்கா என்று கூப்பிடும் உசனார் அண்ணரின் பேக்கரியில் கொடுத்தால், பாண் சுட்ட போறணையின் செங்கல் சூட்டிலேயே வெந்துவிடும். இரவில் அடுப்பு மூட்டத் தேவையில்லை. என்னைப் போன்ற சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்?

இறைச்சி காக்காவின் மச்சான் கடையில் வாங்குவது. அதனால் அவருக்கும் நோன்பு திறக்க ஒரு துண்டு கொடுப்பேன். "ஊட்ட போனா பொஞ்சாதியும் இதத்தான் கேக்கிறா, டீச்சர்" என்றார்.

டிசம்பர் 4, புதன், போயா

என் புருஷன் அல்பேட் வேலை செய்யும் கந்தோரின் பெரியவர் இரவு சாப்பிட வந்தார். மனைவி மெக்சிக்கோச் சாப்பாடு செய்வாள் என்று இவர் அங்கே அளந்துவிட்டிருக்கிறார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. முழுநிலாப் போயா விடுமுறைக்கு இறைச்சிக் கடை பூட்டு. பக்கத்து வீட்டு ஜோசப்பின் அக்கா குடலில் இறைச்சி அடைத்துத் தன் கையால் செய்த லிங்குஸ் தந்தார். உதிர்த்துப் போட்டேன். பெரியவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

டிசம்பர் 5

லிங்குஸ் பன்றி இறைச்சி.

அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். மறக்கவில்லை. சீஸ் மூடியிருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். சீ.

நேற்றுத் தட்டை எடுக்கப் போனபோது பன்றி நெய் பொங்கிப் போறணைத் தரையில் வடிந்திருந்தது. காக்கா வழக்கம்போல் சின்னப் பீங்கானை நீட்டினார். "இண்டைக்கு இல்ல காக்கா, ஆக்கள் வாறாங்க" என்றேன். பீங்கானை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நான் கேட்டது பிழை, டீச்சர்."

அவர் கூசி நின்றார். கூச வேண்டியவள் நான்.

இன்று அதே தரையில் சுட்ட பாண் தெருவெல்லாம் போயிருக்கும் – நோன்புக்காரர் வீடுகளுக்கும்.

டிசம்பர் 6

காக்காவிடம் சொல்லப் போனேன். பாண் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 7

சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சா வெச்சீங்க?"

"ஓம்."

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பிசைந்து வைத்திருந்த மாவை முழுவதும் தூக்கிக் குப்பையில் கொட்டினார். "தெரியாமத் திண்டவங்களுக்குப் பாவமில்ல. மனசுதான் நோகும். வேற ஆருக்கும் சொல்லிராதீங்க" என்றார்.

டிசம்பர் 10

பேக்கரி பூட்டு. போறணைக் கல் வெடித்துவிட்டதென்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். பின்பக்கம் மண் கரைத்த வாளிகளைக் கண்டேன். பன்றி பட்ட இடத்தை அவர்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண் கரைத்து. அந்த வயதில் குனிந்து குனிந்து –

டிசம்பர் 18

பேக்கரி திறந்துவிட்டது. ஆனால் வெளியார் கொண்டுவரும் தட்டு எடுப்பதில்லையாம். 25ஆம் திகதி நத்தாருக்குத் தெருவின் கேக் முழுவதும் வருஷா வருஷம் அங்கேதான் வேகும். வேலியடியில் ஜோசப்பின் அக்கா, "என்னகா மேர்சி, உசனாருக்கு இப்ப தலைக்கனம்" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆட்டினேனே.

டிசம்பர் 23

பெருநாள் முடிந்து காக்கா சொல்லியனுப்பினார். கேக் தட்டுகள் எடுக்கிறாராம். ஆனால் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் நான் பார்த்துத் தர வேண்டுமாம். "டீச்சர் பாத்தாப் போதும்."

நானா?

நின்றேன். மூடியைத் திறக்கச் சொல்லி, என்ன போட்டது என்று கேட்டு உள்ளே கொடுத்தேன். பிராந்தி வேண்டுமென்றால் கேக்கைச் சுட்ட பிறகு வீட்டில் ஊற்றுங்கள் என்றேன். "டீச்சர் கேக்கையும் திருத்துறா" என்று ஜோசப்பின் அக்கா முகத்தைத் திருப்பினார். அடுத்த தட்டை வாங்கினேன்.

கடைசியாக என் தட்டு. மூடியைத் திறந்து காக்காவிடம் நீட்டினேன். அவர் உள்ளே பார்க்கவில்லை. மூடியை வாங்கித் தானே மூடி, போறணைக்குள் தள்ளினார்.