பழைய மென்பொருளை அழித்த ஞாயிறு

மச்சான்,

இன்று காலை ஆஸ்பத்திரி நெற்வேர்க் அறையில் பையைத் திறந்தபோது உன்னுடைய நீலக் கேபிள் கையில் தட்டுப்பட்டது. லப்டொப்பை நெற்வேர்க் சுவிச்சோடு பொருத்தும் அதே கேபிள்தான். பிய்ந்த இடத்தில், நாயாற்றில் உன் அண்ணன் வலை பொத்தும் நூலால் நீ சுற்றிய கட்டு இன்னும் இளகவில்லை. மீன் வாடை அடிக்கிறது என்று நான் பகிடி பண்ணுவேனே, இன்று மணந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

உன் செத்தவீட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கும் வந்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. விறைத்துப்போன காலைக் கையால் தூக்கி வைப்பதுபோல நாட்களை நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய வேலை, ஆஸ்பத்திரிக் கணினிகளையெல்லாம் இணைக்கும் பெரிய சுவிச்சுக்குப் புது மென்பொருள் ஏற்றுவது. பழையதில் பாதுகாப்பு ஓட்டையாம், கொழும்பிலிருந்து உத்தரவு. சுவிச் திரும்ப எழும்பாவிட்டால், நாளை தண்ணீரூற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் சனத்துக்கு இரத்தப் பரிசோதனை முடிவுகூடக் கிடைக்காது.

ஏற்றப் போனால் சுவிச்சில் இடம் போதவில்லை. பழையதை அழித்தால்தான் புதியது ஏறும். நீ அதற்கு ஒருநாளும் விட்டதில்லை. புதியது சரிவராவிட்டால் பழையதில் எழுப்பலாம் என்று எல்லாச் சுவிச்சிலும் அதை வைத்திருப்பாய். நான் அவசரப்பட்டால், "பொறடாப்பா, திரும்பி வர வழி வச்சிட்டுத்தான் வெளிக்கிட வேணும்" என்பாய். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, திரும்பி வர வருடக்கணக்காய்க் காத்திருந்தவன் நீ. அதைப் பற்றி நீ கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

பழையதை லப்டொப்பில் பிரதி எடுத்துக்கொண்டு அழித்தேன். நீ உன் கையால் ஏற்றியது. மனதுக்கு ஒன்றும் செய்யவில்லை. புதியதை ஏற்றி, சரிபார்த்து, சுவிச்சை நிறுத்தி இயக்கினேன்.

சுவிச்சின் விளக்குகள் அணைந்தன. இந்த இடத்தில்தான் நீ முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்வாய். பிள்ளையார் கணக்கு வைத்திருந்தால் ஒரு லொறித் தேங்காய் உன் பாக்கி. நான் எதையும் நேராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

விளக்குகள் ஒவ்வொன்றாய் வந்தன. ஆய்வுகூடக் கணினியும் பதில் தந்தது. சுவிச்சடியில் நிற்பவன் மற்றவனுக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். கை தானாக உன் நம்பரை அழுத்திவிட்டது. ஞாயிறென்றால் நீ கிணற்றடியில் நிற்பாய், போனை உன் மனைவிதான் எடுப்பார். இன்றும் அவர்தான் எடுத்தார். எனக்கு வாய் முந்திவிட்டது.

"தங்கச்சி, சுவிச் வந்திட்டுது எண்டு அவனிட்டச் சொல்லிவிடுங்கோ."

"ஓம் அண்ணை, சொல்லுறன்."

பிறகு இருவரும் போனை வைக்கவில்லை. அவர் அழத் தொடங்கியது கேட்டது. அப்போதுதான், இத்தனை நாளுக்குப் பிறகு, எனக்கும் வந்தது.

இனி எந்தச் சுவிச் எழும்பினாலும் அந்த ஒரு சொல் என் வாயில் வந்து நிற்கும், இறக்கி வைக்க இடமில்லாமல். அவர் உன் படத்துக்கு முன்னால் சொல்லியிருப்பார். என்றாலும் நானும் சொல்லிவிடுகிறேன்.

வந்திட்டுது, மச்சான்.