நைனா என்று கூப்பிட்டவனுக்கு

நண்பா,

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். அச்சு மையின் வாசனைகூடப் போகவில்லை. 'ஜெபிக்கும் முறை' என்று தலைப்பு. கொச்சைச் சொற்களைத் தவிர்க்க வேண்டுமாம்; பயபக்தியான தமிழில் பேச வேண்டுமாம். திருவொற்றியூர் ஸ்டேஷன் வருவதற்குள் அதைக் கசக்கிவிட்டேன். எழுதியவர் நம் சபை மூப்பர். உன் கட்டிலருகே நின்று பேசினாரே, அதே மூப்பர். நீ போய் நாலு வருஷமாகியும் உன்னை விடவில்லை அந்த ஆள்.

என் மனைவியின் மார்பில் கட்டி என்று சொல்லி, பரிசோதனை முடிவுக்கு ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? கம்பெனி ஆபீசில் ஒரே கடிதத்தை மூன்று முறை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், நீ ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, கேன்டீனில் எல்லோருக்கும் முன்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாய்.

"நைனா, இவன் சம்சாரத்துக்கு ஒடம்பு பேஜாரா கீது. இவன் துன்னாம தூங்காம செத்துகினு கீறான். நீதான் பாத்துக்கணும். ஆமென்."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கர்த்தர்கிட்ட பேசுற பேச்சாடா இது? பிதாவேன்னு சொல்லத் தெரியாது?"

"எங்கப்பன நான் பிதாவேன்னா கூப்ட்டேன்? ஆண்டவர் இன்னா மாமு, பேங்க் மேனேஜரா?" என்று தட்டை என் பக்கம் தள்ளினாய். "சொல்ட்டேன்ல? இனிமே அது அவரு வேலை. நீ துன்னு."

எம்.ஏ. படித்தவன் நான். ஆனாலும் சாப்பிட்டேன். அன்று தூங்கவும் செய்தேன். பயப்படும்படியான கட்டி இல்லை என்று தெரிந்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

பிறகு உன் நுரையீரல் கெட்டது. இருபது வருஷம் நீ சுவாசித்த பட்டறைப் புகையைப் பற்றி மூப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. "பயபக்தி இல்லாத ஜெபம் கேட்கப்படாது தம்பி" என்றார். மூச்சுக்குத் திணறுகிற மனிதனிடம்! அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று தெரியும், முடியவில்லை. ஆனால் அன்று நான் வாய் திறக்கவும் இல்லை. கேன்டீனில் நான் சொன்னதைத்தானே அவரும் சொன்னார்?

அவர் போனதும் என்னை ஜெபிக்கச் சொன்னாய். "சர்வ வல்லமையுள்ள பிதாவே, தேவரீர்..." என்று ஆரம்பித்தேன். இருமலுக்கு நடுவே சிரித்தாய்.

"யாராண்ட பேசுற மாமு? அவரு இங்கதான் குந்திகினு கீறாரு."

அந்த அறையில் பயந்துபோயிருந்தவன் நான் மட்டும்தான்.

இப்போது என் உடம்பிலிருந்து சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு. கசங்கிய தாள் மேஜைமேல் கிடக்கிறது. சற்று முன்பு கதவைச் சாத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்: "நைனா, பேஜாரா கீது." மூப்பர் மேலுள்ள கோபத்தையும் சேர்த்தே சொன்னேன். அதையும் நைனாவே வைத்துக்கொள்ளட்டும்.

மனைவி தட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள்.

சொல்லிவிட்டேன். சாப்பிடப் போகிறேன்.