உன்னுது, என்னுது

ஜூன் 3

அன்புள்ள மெழுகு,

இருபத்தாறு வருஷம் கழித்து எழுதுகிறவள் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் விஷயம் அவசரம். நீ செய்து கொடுத்த பல் விழுந்துவிட்டது.

கல்லைக் கடித்து விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். டீயில் நனைத்த பிஸ்கட்டைக் கடித்து விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த என் சொந்தப் பல்தான் உளுத்துப் போயிருக்கிறது.

டாக்டரிடம் காட்டினேன். நல்ல மனிதர், சின்ன வயது. பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவங்க உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்கணும். பக்கத்துப் பல் மாதிரியே லேசாச் சாய்ச்சுச் செஞ்சிருக்காங்க. நாங்கன்னா நேரா வெச்சிருப்போம்" என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அவர் வலி என்று நினைத்து ஊசி எடுக்கப் போனார்.

ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறேன். என் பல்லை நானே செய்ய மனம் வரவில்லை. பல்லை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வாயில் ஓட்டையோடு வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்கு நல்ல விளம்பரம்!

உன் முகவரியை உன் அண்ணன் கடையில் கேட்டு வாங்கினேன். "அப்பவே கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

நீ நலமா? பிள்ளைகள் எத்தனை? வீட்டுக்காரர் சௌக்கியமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன்
மாவு


ஜூன் 19

அன்புள்ள மாவு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ கெட்ட செய்தி என்று பயந்து பிரித்தால், பல்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். என்னை "மெழுகு" என்று கூப்பிட இந்த ஊரில் ஆள் கிடையாது.

முதலில் என் செய்தி. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. ஒரே பையன். கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டும் வேலை. நல்லவன், அதிகம் பேச மாட்டான்.

முதுகுவலி என்று கேட்டாயே, அதிலிருந்துதானே எல்லாம் ஆரம்பித்தது. நமக்கு இருபத்தைந்து வயது. பல் செட் கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்து மெழுகு செதுக்கி எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர், "மாத்திரை வேண்டாம்மா, ஏதாவது விளையாடு" என்றார். விளையாடுவதா! பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் வந்தால் நிழல் தேடி உட்கார்ந்தவள் நான். தனியாகப் போக வெட்கப்பட்டு, அடுத்த மேஜையில் மாவு குழைத்துப் பல் அச்சு எடுத்துக்கொண்டிருந்த உன்னையும் இழுத்தேன். "எனக்கு முதுகு நல்லாத்தானே இருக்கு" என்றாய். ஆனாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு முன்னால் வந்து நின்றாய், உன் தம்பியின் கேன்வாஸ் ஷூவோடு. ஒரு அளவு பெரிது. முன்பக்கம் பஞ்சு அடைத்திருந்தாய்.

அந்த ஷட்டில் அரங்கம் நினைவிருக்கிறதா? நான்காவது விளக்கு எரியாது. அந்த இருட்டு மூலையைத்தான் புதுசாக வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். சுற்றிலும் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள். அதில் ஒருத்தி வந்து, "ஆன்ட்டி, பேட்டை அப்படிப் பிடிக்கக் கூடாது. அது விளக்குமாறு இல்ல" என்றாள். இருபத்தைந்து வயதில் ஆன்ட்டி! ஒரு மாதம் வரை நம் பேட் காற்றைத்தான் அடித்தது. ஷட்டில் பாட்டுக்கு நம் காலடியில் வந்து உட்காரும்.

பிறகு ஒருநாள் உன் பேட்டின் நடுவில் பட்டு "டப்" என்று ஒரு சத்தம் வந்தது. நாம் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். அது எங்கே போய் விழுந்தது என்றுகூட நாம் பார்க்கவில்லை. வேலைக்குப் போகும் வழியெல்லாம் நீ வாயாலேயே "டப், டப்" என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அந்த வருஷம்போல் என் வாழ்க்கையில் இன்னொரு வருஷம் வரவில்லை, மாவு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பல்லைத் தொலைத்துவிடாதே.

உன்
மெழுகு

பி.கு. போன் நம்பர் தரட்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். போனில் நாம் "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்றே பொழுதைக் கழிப்போம்.


ஜூலை 5

அடியே மெழுகு,

அவர் போன செய்தி படித்து மனம் கனத்துவிட்டது. உன் பக்கத்தில் நான் இல்லையே என்று நினைத்தேன். இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிறாய், என் பல்லை உடைத்ததை மட்டும் வசதியாக விட்டுவிட்டாயே! இரட்டையர் ஆட ஆரம்பித்த புதிது. இருவருக்கும் நடுவில் ஷட்டில் வந்தால் யார் எடுப்பது என்று தெரியாது. "அடிக்கப் போறவங்க 'என்னுது'ன்னு கத்தணும், இல்லேன்னா 'உன்னுது'ன்னு கத்தணும். வாயை மூடிக்கிட்டு மட்டும் நிக்காதீங்க" என்று கோச் அக்கா சொன்னார். சரி என்று அன்றைக்கே கத்தினோம். ஒரே நேரத்தில் இருவரும் "என்னுது!" உன் பேட் என் வாயில் இறங்கியது.

பல் உடைந்ததைவிட உன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொன்னேன். அம்மா ஒரு வாரம் அந்தப் படியைத் திட்டிக்கொண்டிருந்தார். நீ மூன்று நாள் சாப்பாட்டு வேளையில்கூட எழுந்திருக்காமல் அந்தப் பல்லை மெழுகில் செதுக்கினாய். நான் எடுத்த அச்சில், நீ செய்த பல். நம் கூடத்திலேயே அதுதான் நல்ல வேலை என்று முதலாளி சொன்னார்.

அதற்குப் பிறகு நீ "என்னுது" என்று சொன்னதே இல்லை. கவனித்திருக்கிறாயா? எது வந்தாலும் "உன்னுது, உன்னுது". உன்னைப் பார்த்து எனக்கும் அந்த மரியாதை தொற்றிக்கொண்டது. அலுவலகங்களுக்கான போட்டியில் முதல் சுற்று, தபால் ஆபீஸ் பெண்கள், பதினாலுக்குப் பதினாலு. கடைசி ஷட்டில் மெதுவாக, பொறுமையாக, நமக்கு நடுவே இறங்கியது. இருவரும் "உன்னுது" என்றோம். அது தரையில் விழுந்து உருண்டதை இருவரும் நின்று வேடிக்கை பார்த்தோம். தபால் ஆபீஸ் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நாமும் சிரித்தோம். அன்றைக்கு அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் வேலை பார்ப்பது அந்த மருந்துக்கடை மாடி அறையில்தான். நாம் இருவரும் சொந்தமாக ஆரம்பிக்கலாம் என்று போய்ப் பார்த்தோமே, அதே அறை. இரண்டு மேஜை எப்படிப் போடுவது என்று நீ சாக்பீஸால் தரையில் கோடு போட்டாய். ஜன்னல் பக்கம் உனக்கு, தண்ணீர்க் குழாய் பக்கம் எனக்கு. நீ கல்யாணமாகிப் போன பிறகு தனியாகத்தான் எடுத்தேன். ஜன்னல் பக்கம் இப்போது சாமான்கள் அடுக்கியிருக்கிறேன்.

உன்
மாவு


ஜூலை 22

அன்புள்ள மாவு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஜன்னல் பக்கம் சாமான் அடுக்கியிருப்பதாக எழுதிய இடத்தை மட்டும் இன்னும் அதிக முறை.

ஒன்று கேட்க வேண்டும். பையனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. மருமகளும் வேலைக்குப் போகிறவள். புது வீட்டில் கீழே எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்கிறான். நான் வருவதானால் அந்த வீடு, இல்லாவிட்டால் சின்னதாகப் பார்ப்பார்கள். கட்டாயப்படுத்தவில்லை. அந்த அறைக்குள் போய்விட்டால் பிறகு நான் வெளியே வர மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

போன வாரம் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துப் பழக் கத்தியால் செதுக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல். கை மறக்கவில்லை, மாவு. சாப்பாட்டு மேஜையில் பல்லைப் பார்த்து மருமகள் அலறிவிட்டாள்.

அங்கே வந்துவிடலாமா, உன்னோடு வேலை பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு. வெறும் நினைப்புத்தான். நீ என்ன சொல்கிறாய்?

உன்
மெழுகு


ஆகஸ்ட் 4

அன்புள்ள மெழுகு,

உன் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி.

பையன் அழைப்பது நல்ல விஷயம். நன்றாக யோசித்து முடிவு செய். இங்கே வேலை முன்போல் இல்லை. பாதிக்கு மேல் இப்போது மிஷினில் வந்துவிடுகிறது. கையால் செய்வதைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. படியும் செங்குத்து. உன் முதுகுக்கு ஒத்துவருமா என்று தெரியவில்லை. நீ வந்தாலும் சந்தோஷம்தான், அங்கேயே இருந்தாலும் சந்தோஷம்தான்.

உன் இஷ்டம்.

அன்புடன்
மாவு


ஆகஸ்ட் 16

மாவு,

உன் இஷ்டமா?

இருபத்தாறு வருஷத்துக்கு முன் இதே வார்த்தையைத்தான் சொன்னாய். மறந்துவிட்டாயா? பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை பதில் சொல்ல வேண்டும். நான் உன்னைத் தேடி நம் பல் செட் கூடத்துப் படிக்கு வந்தேன். "நான் என்னடி பண்ணட்டும்?" என்று கேட்டேன். நீ கையில் ஒட்டியிருந்த மாவை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உன் இஷ்டம்" என்றாய். பஸ் வருகிற வரை நின்றேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கும் நின்றேன். "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். நான் வாழ்ந்த வாழ்க்கையைக் குறை சொல்லவில்லை. அவர் தங்கமான மனிதர். ஆனால் நான் உன்னிடம் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

தப்பு எனக்கும் உண்டு. "நான் இங்கேயே இருக்கப் போறேன்" என்று நானாவது சொல்லியிருக்கலாம். உன் பல்லை உடைத்த நாளிலிருந்து எதையும் என்னுடையது என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு, கடிதம் போடுவது உன் முறை என்று நானும், என் முறை என்று நீயும். எல்லாம் நமக்கு நடுவே விழுந்து உருண்டது.

இந்த முறை நான் பாதியாவது கத்திவிட்டேன். பழக் கத்தியால் மெழுகைச் செதுக்கிவிட்டு, வரலாமா என்று கேட்டுவிட்டேன். நீ படியின் உயரத்தை அளந்து எழுதுகிறாய். முப்பத்தொன்றாம் தேதி பையனுக்குப் பதில் சொல்வேன். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், கீழே இருக்கும் அறைக்குப் போகிறேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மெழுகு


ஆகஸ்ட் 24

என் மெழுகு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். எங்கே போவது என்று தெரியாமல் நடந்து, அந்த அரங்கத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் இன்றுதான் உள்ளே போகிறேன்.

நான்காவது விளக்கு எரிகிறது. ஆனாலும் புதுசாக வருகிறவர்களுக்கு இன்னமும் அதே மூலைதான். இரண்டு பெண்கள். நம் அப்போதைய வயதுதான் இருக்கும். புது ஷூ, புது பேட், ஆட்டம் மட்டும் சுத்தமாக வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஷட்டில் இருவருக்கும் நடுவே இறங்கியது. இவள் அவளைப் பார்க்கிறாள், அவள் இவளைப் பார்க்கிறாள். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, "யாராவது ஒருத்தி என்னுதுன்னு சொல்லுங்கடி!" என்று கத்திவிட்டேன். மொத்த அரங்கமும் நின்றுவிட்டது. ஓட்டைப் பல்லோடு ஒரு அம்மாள் கத்தினால் யார்தான் நிற்க மாட்டார்கள்? அந்தப் பெண்களில் ஒருத்தி, "சாரி ஆன்ட்டி" என்றாள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. போகாதே என்று நான் சொல்லி, நீ தங்கி, பின்னால் ஒருநாள் "உன்னாலதான்" என்று என்னிடம் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீ விட்ட முதல் பஸ்ஸை நானும் பார்த்தேன். இரண்டாவதில் நீ ஏறியதையும் கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். போன மாதம் நீ கேட்டபோதும் அதே பயம். மிஷின், படி, முதுகு எல்லாம் சாக்கு.

மதியத்துக்குமேல் வந்து ஜன்னல் பக்கத்துச் சாமான்களை இறக்கினேன். அடியில் நீ போட்ட சாக்பீஸ் கோடு இருக்கும் என்று ஒரு நப்பாசை. இல்லை. அதனால் நானே போட்டிருக்கிறேன். உன் அளவுக்குக் கோணல் இல்லாமல். வெள்ளிக்கிழமை தச்சர் வந்து மேஜை போடுகிறார். படிக்குக் கைப்பிடியும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பல்லுக்கு டாக்டர் தேதி கேட்டார். செய்கிறவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். முப்பத்தொன்றுக்குள் வந்துவிடும் என்று சத்தியம் செய்தார்கள். பையனிடம் சின்ன வீடாகவே பார்க்கச் சொல். நாளைக்கு இங்கே உனக்குப் பிடிக்காமல் போனால், உட்கார்ந்து என்னைத் திட்டு. என்னாலதான் என்று ஊர் முழுக்கச் சொல். பரவாயில்லை. உன் இஷ்டத்தை நான் கேட்கவில்லை. என் இஷ்டத்தைச் சொல்கிறேன்.

வா.

என்னுது, மெழுகு. இந்த ஷட்டில் என்னுது.

மாவு