கையெழுத்துக்கு முன்னால் பார்த்த படம்

ஞாயிறு, இரவு.

அந்தச் சரித்திரப் படத்தில் வெட்டும் குத்தும் அதிகம், நிறுத்த வேண்டும் என்று ஒரு மனு. அதில் கையெழுத்துக் கேட்டு எண்ணெய்க் கடைக் கந்தசாமி மூன்று நாளாக அலைகிறார். வியாபாரிகள் சங்கத் தலைவன் நான். நான் போட்டால் எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தியேட்டர்காரர் படத்தைத் தூக்கிவிடுவார். தட்டிப் பார்க்காமல் ஒரு தேங்காயைக்கூட நான் லாரியில் ஏற்றியதில்லை. அதனால் இன்று மதியக் காட்சிக்குப் போனேன்.

இடைவேளையில் பார்த்தால், டீக்கு எனக்கு முன்னால் கந்தசாமி நிற்கிறார்.

"ஏனுங்க, படம் ஆகாதுன்னு சொல்லிப்போட்டு நீங்களே வந்துட்டீங்க?"

"மனுவுல எத்தன வெட்டுன்னு எழுதோணுமில்லீங்க. மொதத் தடவ எண்ணுனது தப்பிப்போச்சு."

"அப்ப இது ரெண்டாவது தடவைங்களா?"

"மூணாவதுங்க" என்று சொல்லிவிட்டு வடைத் தட்டைப் பார்த்தார்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். வீட்டில் கோழி அறுத்தால்கூடத் தோப்புப் பக்கம் போய்விடுகிறவன் நான். கடைசிச் சண்டையில் அந்த டைரக்டர் ரத்தத்தை வாய்க்காலாக ஓடவிட்டிருக்கிறார். தியேட்டர் முழுக்க விசில். முன்சீட்டுக்காரரின் தலை மறைத்தது என்று நான் எழுந்து நின்று பார்த்தேன். என்னை யார் எழுந்திருக்கச் சொன்னது?

காலையில் கந்தசாமி மனுவோடு வருவார். போட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், அதில் குழப்பம் இல்லை. உடனே, "அப்ப படம் புடிச்சுதுங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் பொய். ஆமாம் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.